பழுதில்லை, டிரைவர்தான் இல்லை

எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் அவர் முதலில் அதைக் கவிழ்த்துப் பார்ப்பார். எங்கள் அலுவலகத்துக்கு வேலைக்கு வந்த முதல் நாளே என் மேசையிலிருந்த கல்குலேட்டரைக் கவிழ்த்தார், டெலிபோனைக் கவிழ்த்தார், தேநீருக்குத் தண்ணீர் சுடவைக்கும் கேத்தலையும் கவிழ்த்தார். கேத்தலில் தண்ணீர் இருந்தது. என் பதிவேட்டில் இரண்டு பக்கம் நனைந்துபோனது. நான் கத்தினேன்.

"தண்ணி இரிக்கெண்டு நீங்க செல்லல்லயே புள்ள" என்று குற்றத்தை என் தலையிலேயே போட்டார்.

அவர் காத்தான்குடிக்காரர். அப்போது நாற்பது வயதிருக்கும். சவூதியில் ஓர் ஆஸ்பத்திரியில் கருவிகள் திருத்தும் வேலை பார்த்துவிட்டு, சுனாமிக்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான் ஊர் திரும்பியிருந்தார். எங்கள் எல்லோருக்கும் அவர் நானா. முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அப்படி அழைப்பார்கள். எங்கள் அலுவலகத்தில் அவரைவிட மூத்த காவலாளிக்கும் அவர் நானாதான். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அதில் ஓர் எழுத்து பிழையென்று சொல்லிக்கொண்டு வந்து நிற்பார்.

எங்கள் அலுவலகம் மட்டக்களப்பு நகரில், வாவிக்கரையோரம் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. சுனாமியில் எல்லாவற்றையும் இழந்தவர்களின் விபரங்களைப் பதிவதற்காகத் திறந்தது. பதிவுக்கு நான் பொறுப்பு. வெளிநாட்டிலிருந்து யாரோ புண்ணியவான்கள் ஒரு லொறி நிறையப் பழைய கணினிகளும் பிரிண்டர்களும் அனுப்பியிருந்தார்கள். கல்யாண வீட்டு வாசலில் கிடக்கும் செருப்புகளைப் போல ஒன்றுக்கொன்று சோடியில்லை. கூட வந்திருக்க வேண்டிய மென்பொருள் சீடிகளும் இல்லை.

முதலில் கடையில் வாங்கிய கள்ளச் சீடியால் விண்டோஸ் போட்டு ஓட்டினோம். யாரோ கொண்டுவந்த பென்டிரைவிலிருந்து வைரஸ் புகுந்து, ஒரு முகாமின் பட்டியல் முழுவதையும் தின்றுவிட்டது. அந்த முகாமுக்கு மறுபடி போய், சனங்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கேட்டேன். வீடு போய், பிள்ளை போய் நிற்கும் மனிதரிடம் உங்கள் பெயரையும் தொலைத்துவிட்டோம் என்று எப்படிச் சொல்வது? அதற்குப் பிறகுதான் பணிப்பாளர் கள்ளச் சீடி வேண்டாம், லினக்ஸ் என்கிற இலவச முறைமைக்கு மாறுவோம் என்றார். அதைத் தெரிந்த ஆளென்று நானாவைப் பிடித்துக் கொண்டுவந்தார்.

இலவசம் என்றால் காசில்லை என்பது மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அதன் உள்ளே யாரும் போய்ப் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை மற்றவருக்குக் கொடுக்கலாம் என்று நானா சொன்னார். நல்ல விஷயம்தானே என்று சந்தோஷப்பட்டேன். மறுநாள் காலையில் பிரிண்டர் ஒன்றும் அச்சடிக்கவில்லை, மோடம் இணையத்துக்குப் போகவில்லை, ஒரு கணினியில் சத்தமே வரவில்லை.

"என்ன நானா, எல்லாம் பழுதாப் போச்சு?"

"பழுதெண்டு செல்லாதீங்க. பழுது வேற, தெரியாது வேற. இதுகள்கிட்ட எப்பிடிக் கதைக்கிறெண்டு நமக்குத் தெரியாது. அவ்வளவுதான்."

பிறகு உட்கார்த்திவைத்து விளக்கினார். ஒவ்வொரு கருவிக்கும் டிரைவர் என்று ஒரு சிறிய நிரல் வேண்டும். எந்தச் சொல்லைச் சொன்னால் தாளை இழுக்கும், எந்தச் சொல்லுக்கு விளக்கு எரியும் என்று கணினிக்குச் சொல்லிக்கொடுப்பது அதுதான். கருவி செய்கிற கம்பனிகள் அதை விண்டோஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடும். லினக்ஸுக்கு, உலகத்தின் எந்த மூலையிலோ இருக்கிற ஒருவர் சம்பளமில்லாமல் தடவித் தடவிக் கண்டுபிடித்து எழுதினால்தான் உண்டு. எங்கள் மோடத்தைத் தூக்கிக் காட்டி, "இது அரை மோடம் புள்ள. மத்த அரை விண்டோஸுக்குள்ள இரிக்கி. இத வச்சி நாம என்ன செய்ற?" என்று கவலைப்பட்டார்.

காரணம் சரியாக இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு வெறி இருந்தது. ஒன்று வேலை செய்யவில்லை என்பதைத் தாங்கிக்கொள்வார்; அதற்குப் பிழையான காரணத்தை யாராவது சொன்னால் தாங்கமாட்டார். கல்லடியில் எங்கள் சக ஊழியர் ஒருத்தியின் கல்யாணத்தில், பெண்ணும் மாப்பிள்ளையும் மணவறையில் இருக்கும்போது ஒலிபெருக்கி நின்றுபோனது. நாவூறு, கண்ணேறு பட்டுவிட்டது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். பந்தியில் இருந்த நானா கையைக்கூடக் கழுவாமல் எழுந்துபோய், மேடைக்குப் பின்னால் குனிந்து, எலி கடித்த வயரைப் பிடுங்கிக்கொண்டு வந்து மாப்பிள்ளையின் தாயாருக்கு முன்னால் தூக்கிக் காட்டினார். "நாவூறு இல்ல, எலி" என்றார். அந்தக் குடும்பத்தின் அடுத்த கல்யாணத்துக்கு அவருக்கு அழைப்பு வரவில்லை.

இன்னொரு நாள், பொருள்கள் அனுப்பிய வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர் பார்வையிட வந்தார்கள். மூலையில் துணி போர்த்திக் கிடந்த பெரிய பிரிண்டரைக் கண்டு, உப்புக் காற்றில் கெட்டுவிட்டதா என்று அனுதாபமாகக் கேட்டார்கள். பணிப்பாளர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டார். நானா இடையில் புகுந்தார். "நோ சேர், நோ சோல்ட். பிரிண்டர் குட். கம்பனி நோ டிரைவர்." பணிப்பாளரின் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் சிரிப்பை அடக்க முடியாமல் தேநீர் போடும் குசினிக்குள் ஓடினேன்.

வேறொரு முழு மோடம் வாங்கியதும், அந்தப் பிரிண்டருக்காக அவர் மின்னஞ்சலில் கடிதம் எழுதத் தொடங்கினார். ஆங்கிலம் வாசித்துவிடுவார்; எழுதினால் மிரட்டல் கடிதம்போல வரும். ஆகவே அவர் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் அடித்தேன். முதல் கடிதம் கம்பனிக்கு. உங்கள் பிரிண்டரிடம் என்ன சொன்னால் தாளை இழுக்கும் என்பதை மட்டும் தயவுசெய்து சொல்லுங்கள், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அந்த மாதிரியை இப்போது கவனிப்பதில்லை, எங்கள் புதிய பிரிண்டர்களைப் பாருங்கள் என்று பதில் வந்தது. "நாம கேட்டது என்ன, இவனுகள் செல்றது என்ன" என்று அதை மூன்று முறை வாசித்தார்.

இரண்டாவது கடிதம், அதேபோன்ற பிரிண்டர்களுக்கு டிரைவர் எழுதும் யாரோ ஒருவருக்கு. எந்த நாட்டவர் என்று இன்றுவரை தெரியாது. பதினோராம் நாள் பதில் வந்தது. பதில் முழுவதும் கேள்விகள். பிரிண்டரைப் பொருத்தும்போது கணினி காட்டும் இலக்கம் என்ன? மூடியைத் திறந்தால் உள்ளே இருக்கும் பெரிய சிப்பின் மேல் என்ன எழுதியிருக்கிறது? நானாவுக்குப் பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியாது. டோர்ச் அடித்து, கண்ணைச் சுருக்கி, நான்தான் வாசித்தேன். ஒரு எழுத்தை வாசித்ததும் அடுத்த எழுத்து என்னவென்று எனக்கே பரபரப்பாக இருந்தது. அதுவரை பெட்டியைத் திறக்கவே பயந்த ஆள் நான்.

அன்றைக்குத்தான் அவர் ஏன் எல்லாவற்றையும் கவிழ்க்கிறார் என்று விளங்கியது. கம்பனிகள் ஒரே பெயரில் கருவி விற்கும். இந்த வருடம் ஒரு சிப், அடுத்த வருடம் மலிவாகக் கிடைத்த வேறு சிப். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று. முதலாவதற்கு எழுதிய டிரைவர் இரண்டாவதற்கு உதவாது. "மேல ஒட்டியிரிக்கிற பேர நம்பாதீங்க புள்ள. அடியில இரிக்கிற இலக்கத்தப் பாருங்க, அதுவும் காணாட்டித் தொறந்து பாருங்க" என்பார். ஒற்றை றூல் கொப்பி ஒன்றில் எங்களிடம் இருந்த ஒவ்வொரு கருவியின் இலக்கத்தையும் எழுதிவைத்திருந்தார். இரண்டு மாதக் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு அந்தப் பிரிண்டர் அரைப்பக்கம் கறுப்பு மையைக் கக்கியது. பிள்ளை முதல் அடி வைத்ததைப் பார்த்தவர்போல அலுவலகம் முழுவதும் அந்தத் தாளைக் காட்டிக்கொண்டு திரிந்தார்.

யுத்தம் முடிந்த வருடம் எங்கள் வேலை மாறியது. சுனாமிப் பதிவுகள் ஓய்ந்து, பிள்ளைகளைத் தேடும் தாய்மார் வரத் தொடங்கினார்கள். சண்டைக்கென்று கிழக்கிலிருந்து வன்னிக்குக் கொண்டுபோகப்பட்ட பிள்ளைகள். வவுனியா முகாம்களுக்கு ஒரு குழு போகவிருந்தது. அவர்களிடம் ஒவ்வொருவரின் படிவத்தையும் படத்தையும் சீடியில் கொடுத்தால் அங்கே காட்டி விசாரிப்பதாகச் சொன்னார்கள். தாய்மார் தந்த படங்களை நகரத்து ஸ்டூடியோவில் கொடுத்துக் கணினியில் ஏற்றிக்கொண்டோம். ஒரேயொரு அம்மா மட்டும் படத்தைத் தரவில்லை.

அவர் படுவான்கரையிலிருந்து, வாவிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர். குழு வெள்ளிக்கிழமை காலை புறப்படுவதாக இருந்தது. அவர் திங்கட்கிழமை வந்தார். லாமினேட் செய்த படம். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு ஒரு பொடியன்.

"ரெண்டு படம் ரெண்டு இடத்தில குடுத்தன் பிள்ள. ரெண்டும் திரும்பி வரல்ல. இது கடைசி. என்ட கையிலதான் இரிக்கும். என்ட கண்ணுக்கு முன்னால எடுங்க."

"ஸ்டூடியோக்குப் போவம் அம்மா, நானும் வாறன்."

"ஏலா பிள்ள. அங்க ஆரு நிண்டு பாப்பானெண்டு ஆருக்குத் தெரியும்?"

அலுவலகக் கமராவால் படத்தைப் படம்பிடித்துப் பார்த்தோம். லாமினேட் தாளில் வெளிச்சம் பட்டு முகமிருந்த இடத்தில் வெள்ளைப் பொட்டு விழுந்தது. வெளிச்சமில்லாமல் எடுத்தால் மங்கல். நானா களஞ்சிய அறைக்குள் போனார். சுனாமி லொறியில் வந்து, யாரும் பிரிக்காமல் கிடந்த ஒரு ஸ்கேனர் பெட்டியோடு வந்தார். பெட்டியிலிருந்த பெயரை லினக்ஸ்காரர்களின் பட்டியலில் தேடினார். அந்தப் பெயருக்கு எதிரே, முழுதாக வேலை செய்யும் என்று போட்டிருந்தது. அம்மாவுக்குக் கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"புதன்கிழமை வாங்க அக்கா. நூறு வீதம் எடுத்துத் தாறன்" என்று நானா சொன்னார்.

புதன்கிழமை பஸ் ஏறி, படகு ஏறி, மறுபடி பஸ் ஏறி அந்த அம்மா வந்து நின்றார். நானா ஸ்கேனரைப் பொருத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. கவிழ்த்தார். இலக்கத்தைப் பார்த்தார். பட்டியலில் இருந்தது வேறு இலக்கம். பெயர் ஒன்று, உள்ளே சிப் வேறு. நான்கு வருடமாக எங்களுக்கு ஓதிய மனிதர், அவசரத்தில் பெட்டியின் பெயரை நம்பிவிட்டார். அவர் முகம் அப்படிக் கறுத்து நான் கண்டதில்லை. ஒரு கணினியில் விண்டோஸ் போட்டும் முயன்றோம். அதற்கும் இந்த ஸ்கேனரைத் தெரியவில்லை. கம்பனி எப்போதோ கைவிட்டிருந்தது. அம்மா படத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு திரும்பிப் போனார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நானா என்னைக் கூப்பிட்டார். ஸ்கேனரைத் திறந்து, பூதக்கண்ணாடி வைத்துச் சிப்பின் எழுத்தை வாசித்து, அதை இணையத்தில் தேடியிருக்கிறார். வேறொரு கம்பனியின் ஸ்கேனரில் அதே சிப் இருந்தது. அதற்கு யாரோ டிரைவர் எழுதத் தொடங்கிப் பாதியில் விட்டிருந்தார்கள். அந்தப் பாதி டிரைவரில் எங்கள் ஸ்கேனரின் இலக்கத்தையும் ஒரு வரியாகச் சேர்த்திருந்தார். என் அடையாள அட்டையை வைத்து அழுத்தினார். விளக்கு எரிந்தது, சட்டம் நகர்ந்தது, திரையில் என் முகம் வந்தது. மேலிருந்து கீழாக மூன்று மெல்லிய கோடுகளும் வந்தன. எது வெள்ளை, எது கறுப்பு என்று ஸ்கேனர் தன்னைச் சரிபார்க்கும் பகுதிதான் எழுதாமல் விட்ட பாதி.

"காணும், இது போதும். வாங்க, போவம்" என்றார்.

ஸ்கேனருக்குத் தனி மின்சாரம் தேவையில்லை, மடிக்கணினியிலிருந்து எடுத்துக்கொள்ளும். மடிக்கணினியின் பற்றரிதான் இருபது நிமிடத்துக்கு மேல் தாங்காது. அதை அணைத்துப் பையில் வைத்துக்கொண்டு இருவரும் படகுத்துறைக்குப் போனோம். அங்கே சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் பையைத் திறந்து, இது என்ன என்று ஸ்கேனரைக் காட்டினான். நானா சிங்களத்தில் விளக்கத் தொடங்கி, சிப் மாறிய கதைவரைக்கும் போய்விட்டார். எனக்கு உயிர் போய் வந்தது. சிப்பாய் அலுத்துப்போய்க் கையை அசைத்தான்.

வாவியைக் கடக்கும் படகுப்பாதை என்ற மிதவையில் நானா கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கரையையே பார்த்தபடி நின்றார். "அந்தத் தென்னைக்கு அங்கால வட்டையில வாப்பாட வயல் கிடந்த. தமிழ் முஸ்லிம் கலவரத்துக்குப் பொறகு இந்தக் கரைக்கி நான் வந்ததே இல்ல" என்றார். பயமா என்று கேட்டேன். "பாப்பம்" என்றார்.

அந்த அம்மாவின் வீட்டில் மண்சுவர், தகரக்கூரை, மின்சாரம் இல்லை. எங்களைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டார். படத்தை அவரே தன் கையால் கண்ணாடிமேல் வைத்தார். மூடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். திரையில் மகன் மெல்ல மெல்ல மேலிருந்து இறங்கி வந்தான். முடி, நெற்றி, கண், பள்ளிக்கூடச் சட்டை. ஒரு கோடு சரியாக அவனுடைய இடது கண்ணின் மேலால் போனது. நானா படத்தை அங்கிங்கு நகர்த்தி நான்கு தரம் முயன்றார். நகர்த்தினால் கோடு வாயில் விழுந்தது, மூக்கில் விழுந்தது. பற்றரி முடிந்தது. இருந்ததில் நல்லதை வெள்ளிக்கிழமை காலை குழுவிடம் கொடுத்தோம்.

ஆறு கிழமை கழித்துப் பதில் வந்தது. இந்தப் படத்திலுள்ளவர் பற்றித் தகவல் இல்லை. எங்கள் பட்டியலில் பெரும்பாலான பெயர்களுக்கு எதிரே அதே வரிதான், ஸ்டூடியோவில் எடுத்த தெளிவான படங்களுக்கும். அம்மா வந்தபோது நான்தான் வாசித்துக் காட்டினேன். அவர் அழவில்லை. என்னைத் தாண்டி நானாவைப் பார்த்தார்.

"தம்பி, படத்தில கோடு விழுந்திச்சே. அதாலதான் என்ட பொடியன அவங்களுக்குத் தெரியாமப் போச்சோ?"

எனக்குப் பயமாக இருந்தது. இந்த மனிதர் இப்போது உண்மையான காரணத்தைச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். மாப்பிள்ளையின் தாயாருக்கு முன்னால் எலி கடித்த வயரைத் தூக்கிக் காட்டியவர். பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் வைத்துத்தான் தேடினார்கள், படம் கடைசியில்தான் என்று அவருக்குத் தெரியும். கோடில்லாத பிள்ளைகளும் கிடைக்கவில்லை என்று தெரியும். நான் மேசைக்கடியில் அவருடைய காலை மிதித்தேன்.

"ஓம் அக்கா" என்றார் நானா. "கோட்டாலதான். பிழை என்ட. நான் திருத்தித் தாறன்."

அம்மா தலையாட்டிவிட்டுப் போனார். வரும்போது இருந்ததைவிட அவருடைய நடையில் கொஞ்சம் பலம் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம்.

"என்ன நானா, இது மெய்யில்லயே. உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும் தங்கச்சி." ஸ்கேனரின் மூடியை மூடினார். "கோடெண்டா என்னால திருத்த ஏலும்."

கடிதங்கள் மறுபடி தொடங்கின. டிரைவரைப் பாதியில் விட்ட மனிதரைத் தேடிப் பிடித்தோம். அவர் அந்த ஸ்கேனரை எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டதாக எழுதினார். நீங்கள் அங்கே பரிசோதித்துச் சொன்னால் நான் இங்கே எழுதுகிறேன் என்றார். அவர் எழுதி அனுப்ப, நானா வெள்ளைத் தாளை வைத்துப் பார்க்க, நான் முடிவை அடித்து அனுப்ப, மாரி மழை தொடங்கி வாவி நிரம்பும்வரை அது நடந்தது. இத்தனை பழைய ஸ்கேனருக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று அந்த மனிதர் ஒரு தரம் கேட்டார். ஒரு தாய் காத்திருக்கிறார் என்று மட்டும் எழுதச் சொன்னார் நானா. அதற்குப் பிறகு பதில்கள் இரண்டு நாளைக்கு ஒன்றாக வந்தன.

ஒரு நாள் வெள்ளைத் தாள் வெள்ளையாகவே வந்தது. அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினோம். மழையில் நனைந்துகொண்டு வந்தார். படம் மட்டும் பொலித்தீனுக்குள் நனையாமல் இருந்தது. தன் கையாலேயே கண்ணாடிமேல் வைத்தார். முடி, நெற்றி, இரண்டு கண்கள். ஒரு கீறலும் இல்லை. திரையை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்ப சரி தம்பி. இனி ஆளத் தெரியும். அனுப்புங்க."

அந்த நேரம் எந்தக் குழுவும் எங்கேயும் போவதாக இருக்கவில்லை. நானா ஒரு புதிய சீடியை எடுத்து, படத்தை அதில் எழுதினார். நான் அந்த அம்மாவின் மகனுடைய படிவத்தை முதலிலிருந்து அடிக்கத் தொடங்கினேன்.